வயரை மட்டும் மாற்றினால் போதும்

ஜெர்மனிக்குக் கிளம்புகிறவர் எவரையும் நம்மூர் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கையில் ஒரு யுனிவர்சல் டிராவல் அடாப்டரைத் திணித்துவிடுவார். ஒரு பக்கம் தள்ளினால் ஐரோப்பியப் பின், இன்னொரு பக்கம் தள்ளினால் அமெரிக்கப் பின். மியூனிக்கில் லேப்டாப் சார்ஜரோடு அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். செல்போனுக்குச் சரி, லேப்டாப்புக்கு வேண்டாம்.

முதல் குறை பிடிமானம். அங்குள்ள ‘ஷுக்கோ’ சாக்கெட் வட்டக் குழியாக உள்வாங்கியிருக்கும். அதற்கென்று செய்த பிளக் குழிக்குள் இறங்கி அசையாமல் உட்காரும். அடாப்டரிலோ சிறிய முகப்பு மட்டும்தான் உள்ளே போகிறது. கனமான உடம்பு முழுவதும் வெளியே நிற்கிறது. பின்களும் ஒல்லி, 4 மில்லிமீட்டர். சாக்கெட்டின் துளையோ 4.8 மில்லிமீட்டர் பின்னுக்கானது. அதன்மேல் நம்மூர் மூணு பின் பிளக்கைச் செருகினால் மொத்தமும் தலை கவிழ்ந்துவிடும். ஓடும் ரயிலில் கேட்கவே வேண்டாம், குலுங்கும்போதெல்லாம் சார்ஜ் விட்டு விட்டு ஏறும்.

பிடிமானத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய குறை எர்த். ஷுக்கோவில் எர்த் இணைப்பு குழியின் ஓரத்தில் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளில் வருகிறது. அடாப்டர் அவற்றைத் தொடுவதே இல்லை. நம் பிளக்கின் பருமனான எர்த் பின் அடாப்டருக்குள் நுழைகிறது, ஆனால் அந்தத் துளைக்குப் பின்னால் எந்த இணைப்பும் கிடையாது. உலோக உடம்புள்ள லேப்டாப் என்றால் உடனே தெரிந்துவிடும்: சார்ஜ் ஏறும்போது மணிக்கட்டை வைத்தால் ஒரு குறுகுறுப்பு. சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் அது. எர்த் இருந்தால் அதன் வழியே போய்விடும். இல்லாவிட்டால் நம் கை வழியே போகப் பார்க்கும். அளவு மிகக் குறைவு, ஆபத்தில்லை. ஆனாலும் நாள் முழுக்க அதன்மேல் கை வைத்துத் தட்டச்சு செய்ய யாருக்குப் பிடிக்கும்?

வோல்டேஜ் பற்றிக் கவலையே வேண்டாம். ஜெர்மனியிலும் நம்மைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஜப்பானின் 100 வோல்ட்டானாலும் அமெரிக்காவின் 120 வோல்ட்டானாலும், சார்ஜரின் அடியில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும். கன்வெர்ட்டர் என்று ஒரு கனத்த பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டில் கதை வேறு: நம்மூர் 1500 வாட் கெட்டில் ஜப்பானில் 300 வாட்கூடத் தராது.

சரி, என்னதான் செய்வது? சார்ஜர் கட்டியின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சுவருக்குப் போகும் வயர் கழற்றக்கூடியது. மூன்று துளையுள்ள அந்த முனையை ‘மிக்கி மவுஸ்’ என்பார்கள். முறையான பெயர் சி5. உலகம் முழுக்க ஒரே அளவு. ஜெர்மனியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், ஒரு முனை சி5, மறுமுனை ஷுக்கோ உள்ள வயரைக் கேளுங்கள். சில யூரோக்கள்தான். மாட்டியதும் குறுகுறுப்பு போயிற்று, பிளக் ஆடுவதும் நின்றது. அந்த வயர் பெரும்பாலும் பிரான்சிலும் பொருந்தும். அங்கே சாக்கெட்டிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் எர்த் பின்னுக்குப் பிளக்கில் ஒரு துளை விட்டிருப்பார்கள். சுவிட்சர்லாந்தில் பொருந்தாது, அவர்களுக்குத் தனி வகை.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கும் இதே வழி, பிரிட்டிஷ் சதுரப் பின் வயராக வாங்க வேண்டும். அங்கே எர்த் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து இரண்டு பின் பிளக்கைச் செருகும் வித்தையைப் பலர் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள்: குழந்தைகளின் விரலுக்கும் கம்பிக்கும் மின்சாரம் எட்டாமல் இருக்கத்தான் அந்த மூடியே வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் பெரும்பாலான வீட்டுச் சாக்கெட்டில் எர்த் துளையே இருக்காது, அதனால் இரண்டு தட்டைப் பின் வயரே போதும்.

லேப்டாப் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுவதாக இருந்தால் வயர்கூட வேண்டாம், போன இடத்தில் 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லேப்டாப்களுக்கும் யுஎஸ்பி-சி துளையைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. கடைக்காரர் தரும் அடாப்டரைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் போனுக்கு உதவும்.