எந்த வாய்க்கு இந்தத் திருகு?

1965இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் செயற்கைப் பல்லைத் தாங்க முதன்முதலாக டைட்டானியத் திருகு பதித்தது யெஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் கோளாறும் உள்ளவர் அவர். 2006இல் இறக்கும்வரை அந்தத் திருகுகள் அவருக்கு உழைத்தன. முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியை ஆய்வு முடிந்தபின் பிடுங்க முடியாமல் போன தற்செயலில் பிறந்த முறை, சாப்பிடவே திண்டாடிய ஒருவரிடம் தொடங்கியது. இன்று இம்ப்ளான்ட் எனப்படும் அந்தத் திருகின் விளம்பரப் பலகைகளில் சிரிப்பவர்களைப் பார்த்தால் அப்படித் திண்டாடியவர்களாகத் தெரியவில்லை. பல் இம்ப்ளான்ட் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறதா என்று கேட்பதற்கு முன், யாருடைய வாழ்க்கை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பற்கள் அத்தனையும் போனவரை எடுத்துக்கொள்வோம். மேல் பல்செட் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு ஓரளவு நிற்கும். கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நாக்கு தள்ளும், கன்னம் இழுக்கும். பல் போன எலும்போ ஆண்டுக்கு ஆண்டு கரையும். முறுக்கு கிடக்கட்டும், பேசும்போதே செட் எழும்பும். பந்தியில் உட்காரத் தயங்குவதும், சிரிப்பு வந்தால் கை வாயை நோக்கிப் போவதும் இதனால்தான். கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, செட்டைச் சட்டையின் அழுத்துபொத்தான்போல அவற்றில் மாட்டிவிட்டால் இந்த ஆட்டம் நிற்கிறது. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். இம்ப்ளான்ட்டின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் மெல்லும் வலு கூடியதும் சாப்பாடும் சத்தானதாக மாறிவிடும் என்று நம்பியது அவ்வளவாகப் பலிக்கவில்லை. குழைந்த சோற்றுக்குப் பழகிய நாக்கை மாற்ற உணவு ஆலோசனையும் வேண்டும். திருகு மட்டும் போதாது.

ஒற்றைக் கடைவாய்ப்பல் போனவரின் கதை வேறு. வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஓஹிப்-14 என்ற வினாத்தாளில் 14 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; கூடினால் அவதி அதிகம் என்று பொருள். அவதியே பெரிதாக இல்லாதவர் சிகிச்சைக்கு முன்பே குறைந்த மதிப்பெண்ணில் இருப்பார். அதற்குக் கீழே இறங்க இடம் ஏது? செலவழித்து வைத்துக்கொண்டவருக்குத் தன் வாயில் இருப்பது என்னவென்று தெரியும் என்பதால், திருப்தியில் எதிர்பார்ப்பின் பங்கையும் முழுதாகக் கழித்துவிட முடியாது. பத்தாண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிற்கிறது என்ற புள்ளிவிவரமோ திருகின் ஆயுளைச் சொல்கிறது, மனிதரின் நிம்மதியை அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சராசரியாக 43 சதவீதம் பேருக்கு அதைச் சுற்றிய ஈறு அழற்சியும், 22 சதவீதம் பேருக்கு எலும்பையே அரிக்கும் அழற்சியும் காணப்பட்டன. பெரும்பாலும் வலிக்காது, ஆடத் தொடங்கும்போது எலும்பின் பிடிப்பே போயிருக்கும். புகைபிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சர்க்கரை நோய் மலிந்த தமிழ்நாட்டில் இது ஓரத்தில் பொடி எழுத்தில் போடும் குறிப்பாக இருக்கக் கூடாது. சிடி ஸ்கேன் எடுத்து எலும்பின் அளவைப் பார்க்கிறார்கள். கை நடுங்கும் வயதில், நினைவு தடுமாறும் வயதில், இம்ப்ளான்ட்டை யார் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள் என்று எத்தனை இடங்களில் கேட்கிறார்கள்?

இதற்காக ஒற்றைப் பல் இம்ப்ளான்ட்டே வீண் என்றாகாது. பிரிட்ஜ் கட்டப் பழுதில்லாத பக்கத்துப் பற்களை இழைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: கடைசிக் கடைவாய்ப்பல்லின் இடத்தை அப்படியே விட்டுவிடுவது. முன்பற்களும் சிறு கடைவாய்ப்பற்களும் சரியாக இருந்தால் பலருக்கு அதுவே போதும் என்று நெதர்லாந்தின் பல் மருத்துவ ஆய்வாளர் கெய்சர் 1980களிலேயே எழுதினார். அதில் கட்டணம் இல்லை. யாரும் முதலில் சொல்வதும் இல்லை.

பற்கள் அத்தனையும் போன முதியவர்களிடம் வந்தால் நிலைமை தலைகீழ். அவர்களுக்கு இரண்டு இம்ப்ளான்ட்டே எட்டாத விலை. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் கீழ்த்தாடையின் நடுவில் ஒரே ஒன்றை வைத்துச் செட்டை மாட்டியபோதும், ஓராண்டில் நோயாளிகளின் திருப்தி இரண்டு வைத்தவர்களுக்குச் சமமாகவே இருந்தது. செலவும் குறைந்தது. அரசுப் பல் மருத்துவமனைகளில் பல்செட் கட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கொண்டுபோக வேண்டும்.