காவியும் கதையும்: றூசியோன் நிறமண் பற்றிய ஒரு நோக்கு

தென் பிரான்சின் றூசியோன் கிராமத்து மண் சிவந்தமைக்கு ஓர் ஐதிகம் கூறப்படுகிறது. பிரபு ஒருவன் தன் மனைவி சேர்மோந்தின் காதலனான பாணனைக் கொன்று, அவனது இதயத்தைச் சமைத்து அவளுக்கு உண்ணக் கொடுத்தான். உண்மையறிந்த அச்சீமாட்டி குன்றிலிருந்து வீழ்ந்திறந்தாள். அவளது குருதியே மண்ணிற் படிந்தது என்பது கதை. சுவையான கதைதான். ஆயின் அது விளக்குவதிலும் பார்க்க மறைப்பதே அதிகம் என நாம் கருதுகிறோம்.

அம்மண்ணிற் பெரும்பகுதி மணலாகும். சிறுபகுதியே வெண்களியும் இரும்பு ஒட்சைட்டும் கலந்த காவி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரினரான ழான் எற்றியேன் அஸ்தியே இக்காவியைப் பிரித்தெடுப்பதை ஒரு தொழிலாக வளர்த்தார். வெட்டிய மண்ணை நீரோடு வாய்க்காலில் விட்டால் பாரமான மணல் தங்கிவிடும். நுண்ணிய காவி நீரோடு சென்று தொட்டிகளில் அடையும். வெயிலிலும் காற்றிலும் உலர்ந்த படிவைக் கட்டிகளாக வெட்டி, அரைத்துப் பீப்பாக்களில் அடைத்தனர். மஞ்சட்காவியைச் சூளையிலிட்டால் அதனுட் பிணைந்த நீர் நீங்கிச் செங்காவி தோன்றும். அச்சிவப்பைத் தந்தது சீமாட்டியின் குருதியன்று. தொழிலாளி மூட்டிய தீயே.

வண்ணப்பூச்சு, லினோலியம், இறப்பர் ஆகிய கைத்தொழில்கள் இக்காவியை வாங்கின. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் அச்சந்தையைத் தாக்கியது. அதற்குச் சற்று முன்னரே, 1920களின் நடுப்பகுதியில், அனிலின் உற்பத்தியிற் கழிவாகத் தேங்கிய இரும்பு ஒட்சைட்டைத் தரமான நிறப்பொருளாக்கும் முறையை ஜேர்மனியில் லௌக்ஸ் என்பவர் கண்டிருந்தார். மண் வற்றவில்லை, அதன் விலைமதிப்பே வற்றியது. றூசியோனின் மத்தியூ காவித் தொழிற்சாலை 1963இல் மூடப்பட்டது.

இன்று உல்லாசப் பயணிகள் வியக்கும் செம்பாறை முகங்களை இயற்கையின் அற்புதம் என்பர். மழையும் காற்றும் அவற்றைச் செதுக்கியமை உண்மையே. ஆயின் அவற்றை முதலில் வெட்டித் திறந்தவை காவி அகழ்ந்தோரின் கைகள். கைவிடப்பட்ட வேலைத்தலத்தை வெறும் இயற்கைக் காட்சியாகக் காணும் அழகியல், பழைய ஐதிகத்தின் புதிய வடிவமேயாகும். மூடப்பட்ட அத்தொழிற்சாலை 1995 முதல் நிறப்பொருட் கலையைக் கற்பிக்கும் நிலையமாக இயங்குவது இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அங்கு தொட்டியும் சூளையும் உழைப்பின் சான்றுகளாய் நிற்கின்றன.

எனினும் ஐதிகத்தை முற்றாகத் தள்ளிவிடுதல் பொருந்தாது. நிறத்துக்கு ஒரு மனித விலை உண்டு என்பதை அது உணர்ந்திருந்தது. அவ்விலையைக் கொடுத்தவர் யாரென்பதிலேயே அது தவறியது. சீமாட்டியின் பெயர் எஞ்சியுள்ளது. மண் சுமந்தோர் பெயர்கள் அக்கதையில் இல்லை. அவர்களுக்குரிய இடத்தை வழங்குவது ஆய்வாளரின் கடனாகும்.