ஓபிஜியில் அளப்பது எலும்பையா?

“புதிதாக யாருக்கும் கதிர்வீச்சு இல்லை, செலவும் இல்லை. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் கிடக்கும் படங்கள்தானே?” பல் எக்ஸ்ரேயை வைத்துக் கீழ்த்தாடை எலும்பை அளக்கும் ஆய்வுகளைப் பற்றிக் கேட்டால் உடனே வரும் பதில் இது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தென்னிந்தியப் பல் மருத்துவத் துறையில் இவ்வகை முதுநிலை தீசிஸ்களும் மாநாட்டுச் சுவரொட்டிகளும் பெருகிவிட்டன. கோவை, சூலூர், குமாரபாளையம், திருச்செங்கோடு என்று பல் மருத்துவக் கல்லூரிகள் நெருங்கி அமைந்த கொங்குப் பகுதியில் இதைப் பேசாமல் விட முடியாது. முழுவாய்ப் படமான ஓபிஜியைத் திரையில் திறக்கிறார்கள். தாடையின் மேலேறும் கிளையான ரேமஸின் அகலம், உயரம், தாடைக் கோணம், மோவாய்ப் பக்கம் நரம்பு வெளிவரும் மென்டல் துளை இருக்கும் இடம் ஆகியவற்றை மவுஸால் புள்ளி வைத்து அளக்கிறார்கள். அந்த எண்களிலிருந்து ஆணா பெண்ணா என்று சொல்லும் சமன்பாடு பிறக்கிறது. தடயவியலுக்கு உதவும் என்ற வரியோடு கட்டுரை முடிகிறது.

இதில் நன்மை இல்லை என்று சொல்லவில்லை. உடற்கூறியல் துறைகளின் பெட்டிகளில் கிடக்கும் பழைய தாடைகள் பலவற்றுக்கு வயதும் தெரியாது, ஊரும் தெரியாது. ஓபிஜிக்கு உரியவர் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடியைவிடக் கதிர்வீச்சும் பொதுவாகக் குறைவு. தாடைக் கோணத்தை இதில் ஓரளவு நம்பி அளக்கலாம். ஞானப்பல் எடுக்குமுன் நரம்புக் குழாய் எந்த வழியில் ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் ஓபிஜி எலும்பின் நேரான நிழல் அல்ல. பின்லாந்துக்காரர் யூர்யோ பாட்டெரோ 1940களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த இம்முறையில் எக்ஸ்ரே குழாயும் எதிரே படத்தை வாங்கும் பகுதியும் தலையைச் சுற்றி நகர்கின்றன. லாட வடிவமான ஒரு பட்டைக்குள் விழுவது மட்டுமே தெளிவாகப் பதிகிறது. அந்தப் பட்டை சராசரித் தாடை ஒன்றை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அதற்கு உள்ளே, நாக்குப் பக்கமாக விழும் எலும்பு அகன்று தெரியும். வெளியே, கன்னத்துப் பக்கமாக விழுந்தால் குறுகித் தெரியும். உயரத்தில் உருப்பெருக்கம் ஓரளவு சீராக இருக்கும், அகலத்தில் இருக்காது. படம் எடுக்கும்போது நோயாளி தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தாலே ஒரு பக்க ரேமஸ் தடித்தும் மறுபக்க ரேமஸ் இளைத்தும் பதியும். கதிரியல் பாடத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதித் தேறிய மாணவர், தீசிஸ் என்று வரும்போது ரேமஸின் அகலத்தையே தேர்ந்தெடுக்கிறார். படத்தில் எது மிகக் குறைவாக நம்பத்தக்கதோ அதன்மேல் சமன்பாட்டைக் கட்டுகிறார். கைடு அதைத் தடுப்பதில்லை.

“உருப்பெருக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆண் பெண் ஒப்பீட்டில் அது அடிபட்டுப் போய்விடும்” என்று சமாதானம் சொல்கிறார்கள். இந்த வாதத்தில்தான் எனக்குப் பல ஆண்டுகளாக உடன்பாடில்லை. பட்டை மாறாதது, தாடைதான் மாறுகிறது. சராசரியில் ஆண் தாடை பெரியது, பெண் தாடை சிறியது. பெரிய தாடையின் ரேமஸ் பட்டைக்கு வெளியே தள்ளிப்போகவும், சிறிய தாடையின் ரேமஸ் உள்ளே விழவும் வாய்ப்பு அதிகம். அப்படி விழுந்தால் ஒன்று குறுகும், மற்றது அகலும். எந்த வேறுபாட்டை அளக்கப் புறப்பட்டோமோ அந்த வேறுபாட்டோடு சேர்ந்தே பிழையும் மாறுகிறது. இத்தகைய பிழை அடிபட்டுப் போகாது. ஆயிரம் படங்களைச் சேர்த்தாலும் போகாது. படங்கள் கூடக்கூட, தவறான எண்ணின்மேல் நம்பிக்கைதான் கூடும். பல கருவிகளில் தாடையின் அளவுக்கேற்ப அமைப்பை மாற்றும் வசதியும் உண்டு. அன்று எந்த அமைப்பில் எடுத்தார்கள், தலை எப்படி நின்றது என்பதையெல்லாம் பழைய படத்தை எடுத்து வைத்து அளப்பவர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்? “ஏற்கெனவே கிடக்கும் படம்” என்று பெருமையாகச் சொல்வதே இந்த முறையின் பெருங்குறை.

அளவு சரி என்பதற்குச் சான்றாகத் தரப்படும் அட்டவணை இன்னும் வருத்தம் தருகிறது. ஒரே படத்தை ஒருவர் இரண்டு வாரம் கழித்து மீண்டும் அளந்தார், இரண்டு அளவும் ஒத்துப்போயின என்று காட்டுகிறார்கள். அளந்தவரின் கை நிதானமானது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியவில்லை. படத்திலுள்ள மில்லிமீட்டரும் எலும்பிலுள்ள மில்லிமீட்டரும் ஒன்றா என்ற கேள்வியை யாரும் தொடவே இல்லை. சமன்பாட்டை எந்தப் படங்களிலிருந்து உருவாக்கினார்களோ அதே படங்களில் சோதித்து, நூற்றுக்கு எழுபது எண்பது சரி என்று எழுதுவதும் நடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நூற்றுக்கு ஐம்பது சரியாக இருக்கும் கேள்வி இது.

சரி, தடயவியலுக்கே வருவோம். பவானி ஆற்றிலோ பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) பாசன வாய்க்காலிலோ ஒரு தாடை மட்டும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தாங்கியில் வைக்க மோவாய்ச் சதை இல்லை, தலையை நேராக நிறுத்தக் காதும் கண்குழியும் இல்லை, குறுக்கே நிழல் போட முதுகெலும்பும் இல்லை. உயிரோடு நின்றவரின் படத்திலிருந்து வந்த சமன்பாடு இந்த வெற்றெலும்பின் படத்துக்குப் பொருந்தும் என்று யார் காட்டியிருக்கிறார்கள்? கையில் எலும்பே இருக்கும்போது வெர்னியர் காலிப்பரால் நேராக அளக்கலாமே. தொல்லியல் களமான கொடுமணலின் ஈமக்குழிகளில் கிடைக்கும் எலும்புக்கும் இதே கேள்விதான்.

தலைப்புகளில் வரும் “கோவை மக்கள்தொகையில்” என்ற சொற்களையும் ஏற்க முடியவில்லை. கோவையில் பல் காட்ட வருபவர்களில் வாளையாறு தாண்டி வரும் பாலக்காட்டார் உண்டு, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்கள் உண்டு, நீலகிரியிலிருந்து இறங்கி வருபவர்கள் உண்டு. கல்லூரியின் முகவரி எலும்பின் முகவரி ஆகாது. ஆங்கிலேயர் கால இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் காலிப்பரோடு தென்னிந்தியா முழுதும் சாதிவாரியாக மூக்கையும் தலையையும் அளந்து 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்த அளவுகளுக்கு என்ன பொருள் ஏற்றப்பட்டது என்பதை அறிந்த நிலத்தில், எண்ணுக்கு ஊர்ப்பெயர் சூட்டுமுன் நிறையவே தயங்க வேண்டும்.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பால், வயது தெரிந்த தான உடல்கள் மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறைகளுக்கு வருகின்றன. உரிய ஒப்புதலோடு அத்தகைய முப்பது தலைகளை ஓபிஜியில் எடுத்து, பாடம் முடிந்து எலும்பு வெளிப்பட்டபின் அதே ரேமஸைக் காலிப்பரால் அளந்து, இரண்டு எண்களையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதட்டும். தலையை ஐந்து டிகிரி, பத்து டிகிரி திருப்பி வைத்து மீண்டும் எடுக்கட்டும். ஐந்நூறு பழைய படங்களைவிட இந்த முப்பது அதிகம் சொல்லும். உழைப்பு கூடும், துறைகள் இரண்டு சேர வேண்டும், ஒரு மாணவரின் மூன்றாண்டில் பெரும்பகுதி போய்விடும். அதுவரை, எலும்போடு ஒப்பிடாத ரேமஸ் அட்டவணைக்குத் தடயவியல் என்று பெயர் வைத்து வரும் தீசிஸைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.