ஊரோடு இருந்தவர்

பழைய இயற்கைக் காட்சிப் போட்டோக்களைச் சேகரிப்பவர்கள் இரண்டு ரகம். பெயரை வாங்குகிறவர்கள் ஒரு ரகம். படத்தை வாங்குகிறவர்கள் மற்றொன்று. முதல் ரகத்தாருக்கு நீலகிரி என்றால் ஸாமுவேல் போர்ன்தான். சிம்லாவில் ஸ்டுடியோ வைத்து, இமயமலையில் ஏறி இறங்கிய அந்தப் பெரிய கை, 1869-ல் நீலகிரிக்கும் வந்து படம் எடுத்தார். அடுத்த வருஷமே இங்கிலாந்து திரும்பிவிட்டார். அவர் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. முன்னால் ஒரு மரம், நடுவே நீர், பின்னால் மலை. எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். அந்த ஒழுங்குதான் எனக்கு உறுத்துகிறது. மலை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டே வந்தவரோ என்று தோன்றும்.

ஏ.டி.டபிள்யூ. பென் (1849-1924) அப்படியல்ல. சிறு வயசில் இந்தியாவுக்கு வந்து, ஊட்டியில் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவர். துரைமார்களின் முகங்களையும் எடுத்தார்; ஏரியையும், மேட்டையும், தோடர் மந்துகளையும் எடுத்தார்.

அந்தக் காலத்தில் அது லேசான தொழில் அல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நீரில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கூடாரத்து இருட்டில் கழுவியாக வேண்டும். அந்தத் தகட்டுக்கு நீல வானமும் வெண்மேகமும் ஒன்றுதான்; இரண்டும் வெறும் வெள்ளையாகிவிடும். வானம் இல்லாத படத்தில் கண் தரையில்தான் தங்க வேண்டும். தரையை அறிந்தவனுக்கு அது நஷ்டமே இல்லை.

அந்தத் தரையைப் பாருங்கள். அலையலையாக மொட்டைப் புல்மேடு. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு, கறுப்புத் திட்டுகளாக. 1843-ல் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் இன்னும் மலையை விழுங்கிவிடவில்லை. ஸலிவன் காலத்தில் உண்டாக்கிய ஏரி, பிற்காலத்தில் பஸ் நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் வந்த இடங்கள் வரை விரிந்திருந்த காலமும் உண்டு. ஊட்டி என்றால் யூகலிப்டஸ் வாசனை என்று வளர்ந்த நமக்கு, இழந்தது என்னவென்று இத்தகைய படங்கள்தான் சொல்கின்றன.

பென்னும் வெள்ளைக்காரர்தான், வெள்ளைக்காரர்களை நம்பித்தான் கடை நடத்தினார். யார் கண்ணால் ஊரைப் பார்க்கிறோம் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் விருந்தாளியின் பார்வை வேறு, வாடகை கொடுத்து மழைக்காலம் கழித்தவனின் பார்வை வேறு. கதை எழுதுகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். தேசம் சுற்றி எழுதியவனைவிட, ஒரே தெருவை முப்பது வருஷம் பார்த்தவன் சில சமயம் அதிகம் சொல்லிவிடுகிறான்.

பெயர் தேடுகிற சேகரிப்பால் ஒரு கெடுதல் உண்டு. ஆல்பமாக இருந்தால் ஒரு விலை, தாள் தாளாகப் பிரித்தால் அதிக விலை என்று வியாபாரி கணக்குப் போடுகிறான். பக்கத்தில் மசியால் எழுதியிருந்த இடப்பெயர் பக்கத்தோடு போய்விடுகிறது. பிறகு அது வெறும் 'மலைக் காட்சி'. பெயர் போன மலை எந்த மலையாகவும் இருக்கலாம். அதாவது, எந்த மலையும் அல்ல. பென்னின் வம்சத்தவரான கிறிஸ்டபர் பென், தொலைந்துபோன அவருடைய படங்களைத் தேடி 2008-ல் ஒரு புஸ்தகமே வெளியிட வேண்டியிருந்தது. எல்லா ஊர் ஸ்டுடியோக்காரருக்கும் அப்படி ஒரு வாரிசு வாய்ப்பதில்லை.

ஆகையால் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஊர்ப்பெயர் இருந்தால் மங்கல் படமானாலும் வாங்குங்கள். எழுத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.