கிழித்த தேசப்படம்

பழைய தேசப்படங்களைச் சேர்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. படிப்பதற்காகச் சேர்ப்பவர்கள் ஒரு ரகம். சுவரில் மாட்டுவதற்காகச் சேர்ப்பவர்கள் மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அட்லாஸ்கள் இரண்டாவது ரகத்தாரிடம் அகப்பட்டுத்தான் சீரழிகின்றன. முழுப் புஸ்தகத்தைவிடப் பிரித்த ஏடுகளுக்குக் கூடுதல் விலை வருமானால், வியாபாரி பிரித்துத்தான் விற்பான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வாங்குகிறவனின் ரசனையைத்தான் விசாரிக்க வேண்டும்.

மோகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நியூயார்க்கில் கோல்டன் 1855-ல் வெளியிட்ட அட்லாஸும், பிலடெல்பியாவில் மிட்செல் 1860-ல் வெளியிட்டதும் கல்லச்சில் அடித்து, ஜில்லாவுக்கு ஒரு வர்ணமாகக் கையால் தீட்டியவை. கோல்டனின் ஓரங்களில் பின்னல் வேலை. மிட்செலின் ஓரங்களில் கொடியும் பூவும். வாசல் கோலத்தில் கண் பழகிய நமக்கு இவை பிடிக்காமல் போக நியாயமில்லை. 1870-களில் சிகாகோ ராண்ட் மக்னாலி கம்பெனி மெழுகுப் பூச்சில் எழுத்தை அழுத்திப் படம் செய்யத் தொடங்கியபின், விலை மலிந்தது, ஊர்ப்பெயர்கள் பெருகின, அழகு குறைந்தது. மாட்டுகிறவர்கள் இவற்றைச் சீந்துவதில்லை. ரயில் நின்ற சின்ன ஊர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தவை இவைதாம் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல.

தேசப்படத்துக்கு வருஷம் கண்டுபிடிப்பது ஒரு சுவையான வேலை. மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாக நின்றால் அது 1863-க்குப் பிந்தியது. டகோடா இரண்டு மாநிலமாகப் பிரிந்திருந்தால் 1889-க்குப் பிந்தியது. நம் பக்கத்திலும் இதே கணக்குத்தான்: தேவதானப்பட்டி தேனி ஜில்லாவில் இருந்தால் அந்தப் படம் 1996-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் பதிப்பாளர்கள் முகப்பில் புது வருஷத்தைப் போட்டு, உள்ளே பழைய படத்தையே விட்டுவிடுவதும் உண்டு. ஏட்டோடு ஏட்டை ஒத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். ஓர் ஏட்டை உருவியவன் அந்தச் சாட்சியத்தைக் கலைத்துவிடுகிறான். நாவலில் ஓர் அத்தியாயத்தைக் கிழித்துக் கண்ணாடி போட்டதற்கு இது சமானம்.

மிட்செல் ஹிந்துஸ்தானத்தையும் சீனாவையும் திபெத்தையும் ஒரே ஏட்டில் அடக்கிவிடுகிறார். அமெரிக்கப் பாதிரிமார் 1834-ல் மதுரையில் மிஷன் தொடங்கி, 1845-ல் எங்கள் ஊருக்கு மேலே கொடைக்கானலில் வீடுகளும் கட்டிக்கொண்டார்கள். அப்படியும் அந்த ஏட்டில் தேவதானப்பட்டியைத் தேடுவது வீண். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1821-ல் பழனி மலையில் ஏறி அளந்த வார்ட் கம்பெனி அரசாங்கத்துக்காக அளந்தார். மிட்செல் தம் நாட்டு வாசகனுக்காகப் படம் போட்டார். யாருக்காகச் செய்தது என்பது ஹிந்துஸ்தான ஏட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. ஜில்லா ஜில்லாவாக விரித்துப் போட்ட ஓஹியோ ஏட்டைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். அட்லாஸும் ஒரு புஸ்தகம்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

டேவிட் ரம்ஸி என்ற அமெரிக்கர் தாம் சேர்த்தவற்றை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவர் பெயரில் 2016-ல் அங்கே தேசப்பட நிலையம் திறந்தார்கள். அட்லாஸ்களை முகப்பிலிருந்து கடைசி ஏடு வரை கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். தேவதானப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு நான் மிட்செலைப் படித்தது அப்படித்தான். சேகரிப்பு என்றால் அது சேகரிப்பு.

காசு கொடுத்து வாங்க வசதியுள்ளவர்கள் முழுப் புஸ்தகமாக வாங்கட்டும். ஏற்கெனவே பிரிந்த ஏடு கைக்கு வந்தால், எந்த அட்லாஸில் எத்தனையாவது பக்கம் என்று பின்புறம் பென்சிலால் குறித்து வைக்கட்டும். அடுத்து வருகிறவனுக்குப் படிக்க அவ்வளவாவது மிஞ்சும்.