கேட்டதும் புரிந்துகொண்டதும்

உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள், மஞ்சளின் மருத்துவ குணங்களைப் பற்றிக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தபடியால், இணையத்தில் அகப்பட்டதையெல்லாம் மடிக்கணினியில் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்து, "இதிலே எதை மாமா நம்பறது?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லாவிட்டாலும், விடை தேடத் தக்க இடம் ஒன்று உண்டென்று தெரிந்திருந்தமையால், அன்று முதல் ஏறக்குறைய ஒரு மாத காலம் நாங்கள் இருவரும் பப்மெட் என்னும் ஆராய்ச்சித் தரவுத்தளத்தோடு உறவாடினோம்.

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாகாணத்துப் பெதெஸ்டா நகரிலுள்ள தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இச்சாதனம், 1996-இல் பரீட்சார்த்தமாகத் தோன்றி, 1997-இல் யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இதன் பூர்வீகமோ இன்னும் பழையது. ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் 1879-இல் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்னும் அச்சுப் பட்டியலின் வழிவந்தது இது. அப்பட்டியல் 2004-இல்தான் அச்சேறுவதை நிறுத்திக்கொண்டது. நூலகத்தில் தடித்த வால்யூம்களைத் தூசி தட்டிப் புரட்டிய தலைமுறையைச் சேர்ந்தவனாதலால், 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் ஒரு சிறு தேடல் கட்டத்தின் பின்னே காத்து நிற்பதைக் கண்டபோது எனக்கு ஆச்சரியத்தோடு சற்றுப் பொறாமையும் உண்டாயிற்று.

இதன் விசேஷம் அந்த எண்ணிக்கையில் இல்லை. நாம் கேட்டதைத் தான் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை ஒளிவு மறைவின்றி எழுதிக் காட்டும் குணம் இதற்கு இருக்கிறதே, அதுதான் மாணவர்க்குப் பெரும் பிரயோஜனம். 'கேன்சர்' என்று எழுதினால், அச்சொல்லை மட்டும் தேடி நின்றுவிடாமல், 1960 முதல் அந்நூலகம் பேணி வரும் 'மெஷ்' என்ற கலைச்சொல் தொகுதியைப் பார்த்து, 'நியோபிளாசம்ஸ்' என்ற தலைப்பின் கீழ் வகைப்படுத்தப்பட்டவற்றையும் தானே சேர்த்துக்கொள்கிறது. 'ஹார்ட் அட்டாக்' என்று பாமரர் வழக்கில் கேட்டாலும் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று மருத்துவர் எழுதியதைக் கொண்டுவந்து வைக்கிறது. 'அட்வான்ஸ்டு' என்ற பக்கத்துக்குச் சென்று, நம் தேடலின் அருகிலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால், இந்த மொழிபெயர்ப்பு முழுவதும் விரிகிறது. அதைப் படிக்காமல் முடிவுகளை மட்டும் படிப்பவர், துபாஷி என்ன சொன்னான் என்று விசாரியாமல் பேரத்தை முடித்த வியாபாரிக்கு ஒப்பாவார். துல்லியம் வேண்டிச் சொற்களுக்கு மேற்கோள் குறி இடும் பழக்கம் என் மருமகளுக்கு உண்டு; குறியிட்ட மாத்திரத்தில் இவ்வுபகாரம் நின்றுவிடுகிறது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவள் அறிந்தாள்.

'அண்ட்', 'ஆர்', 'நாட்' என்னும் இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் இட வேண்டும். இயந்திரம் அவற்றை இடமிருந்து வலமாகவே நிறைவேற்றுமாதலால், அடைப்புக்குறிகளை மறந்தால் கேட்டது ஒன்று, கிடைப்பது வேறொன்று ஆகிவிடும்.

முழுக் கட்டுரையும் இங்கேயே படிக்கலாம் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இது பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், சஞ்சிகை, சுருக்கம் ஆகியவற்றின் களஞ்சியமேயன்றிக் கட்டுரைக் களஞ்சியமன்று. சுருக்கம் ஆவலைக் கிளப்பிவிட, மூலத்தை நாடிச் சென்றால் பிரசுரகர்த்தர் வாசலில் கட்டணம் கேட்டு நிற்பது வழக்கம். இடப்புறமுள்ள வடிகட்டிகளில் இலவச முழுப்பாடம் என்பதைத் தேர்ந்தால், 2000-இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல் என்னும் சகோதரக் களஞ்சியத்திலும் பிற இடங்களிலும் தடையின்றிக் கிடைப்பவை மட்டும் நிற்கும். ஆனால் இலவசமாகக் கிடைப்பதே நல்லது என்ற மயக்கம் அதனால் வந்துவிடக் கூடாது.

மஞ்சளுக்கு வருவோம். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின் பற்றிப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. சோதனைக் குழாயில் அது செய்யாத அற்புதம் இல்லை. பரவசமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவளை, மதிப்பாய்வுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கச் சொன்னேன். 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி' என்ற சஞ்சிகையில் 2017-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு அகப்பட்டது. குர்குமின் நிலையற்ற பொருள், உடலில் சொற்பமே உறிஞ்சப்படுவது, ஆய்வுக்கூடச் சோதனைகளில் பலன் இருப்பதுபோல் பொய்க்குறி காட்டக்கூடியது என்று அது நிதானமாக எடுத்துரைத்தது. அந்த ஒரு கட்டுரையும், அதற்கு நேர்மாறாகப் புகழ் பாடும் கட்டுரைகளும் பப்மெட்டில் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில், சமபந்தி போஜனத்துக்கு அமர்ந்தவர்களைப் போலவே காட்சியளிக்கின்றன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தலைமாட்டில் எச்சரிக்கை பொறிக்கப்படுவது உண்மை. அதற்கு மேல் தராதரம் சொல்வதை இது தன் கடமையாகக் கொள்ளவில்லை. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றிற்று.

சில்லறை விஷயங்கள் சில. 2020-இல் புதுப்பிக்கப்பட்ட தோற்றம் கைபேசியிலும் ஒழுங்காக அமைகிறது. ஒவ்வொரு பதிவின் கீழும் உள்ள 'சைட்' பொத்தான், மேற்கோள் குறிப்பை வேண்டிய பாணியில் வகுத்துத் தந்துவிடுகிறது. 'கிளிப்போர்டு' என்னும் தற்காலிகப் பெட்டியோ, எட்டு மணி நேரம் தொடாமலிருந்தால் உள்ளிருப்பதை மறந்துவிடும். ஆகவே இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கிச் சேமித்துக்கொள்வதே உத்தமம். கணக்கிருந்தால், ஒரு தேடலைப் பதித்து வைத்து, புதியவை வரும்போது மின்னஞ்சலில் பெறவும் இயலும்.

அப்படியொரு தேடலை என் மருமகள் பதித்துவைத்திருக்கிறாள். 'மஞ்சளின் மகிமை' என்றிருந்த அவள் கட்டுரைத் தலைப்பு இப்போது 'குர்குமின் ஏன் உடலில் தங்குவதில்லை?' என்று மாறியிருக்கிறது. அவள் தாயார் மட்டும் இன்னும் அந்த மாற்றத்துக்குச் சம்மதிக்கவில்லை.