வீட்டுச் சேமிப்பு வழங்கி: செலவு எதில்?

பாடக் காணொளிகள், வாய்மொழித் தேர்வுப் பதிவுகளை வைக்க வழங்கி அமைப்போருக்கான வழிகாட்டிகள் செயலியையே புகழ்கின்றன. கோப்பை அப்படியே ஓட்டிப் பார்க்க சாதாரணச் செயலி போதுங்க. வன்தட்டில்தான் கவனம் வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில ‘ரெட்’ வன்தட்டுகள் எஸ்எம்ஆர் வகை என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அதில் தடங்கள் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதணும். பழுதான தட்டை மாற்றி மீட்கும்போது இழுத்தடிக்கும். சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

‘ரெய்டு 1 இருந்தா கவலையே இல்லை’ என்பதையும் ஏற்க முடியாது. ஒரே கோப்பு இரு தட்டிலும் பதிவாகும். ஒன்று கெட்டால் மற்றது காக்கும், சரி. மாணவர் பதிவைத் தவறிப்போய் அழித்துவிட்டால்? இரண்டிலும் அக்கணமே போய்விடும். செயலியில் மிச்சமாகும் பணத்தில் தனி வன்தட்டு வாங்கி, நகலெடுத்து, கழற்றி வேறு இடத்தில் வையுங்கள்.